நெடும் பாதைக்கு ஏற்ற பழைய கார்

காலியில் வீடும் கொழும்பில் உத்தியோகமும் உடைய நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். கையில் சிறிது பணம் இருந்தது. மனத்தில் பெரிய ஐயம் இருந்தது. அவர் வைத்திருப்பது யப்பானில் செய்த சிறிய கார். ஊருக்குள்ளே ஓடித் திரிவதற்கு அதைப் போன்ற உத்தமமான வண்டி வேறில்லை. ஆனால், இடமாற்றம் பெற்று நாள்தோறும் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கிய ஆறு மாதத்தினுள்ளே, மாலையில் வீட்டை அடையும்போது முதுகு விறைத்து, காதில் இரைச்சல் நின்று, பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேசவும் மனமில்லாத நிலைக்கு அவர் வந்துவிட்டார். ஒரு நாள் மாலை, வெலிப்பன்னையைக் கடந்தபின் கணப்பொழுது கண் அயர்ந்து, பின்னால் வந்த பஸ் வண்டி ஒலி எழுப்பியதால் திடுக்கிட்டு விழித்துக்கொண்டாராம். "எனக்குச் சொகுசு வேண்டாம். பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாற் போதும். எந்தப் பழைய காரை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

சொகுசு வேறு, பத்திரம் வேறு என்று அவர் எண்ணியதிலேதான் பிழை இருக்கிறது. பத்து நிமிடப் பயணத்தில் அவை வெவ்வேறாக இருக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே வேகத்தில், ஒரே இருப்பில், ஒரே திசையை நோக்கி ஓட்டும் பயணத்தில் அவை இரண்டும் ஒன்றே. உடல் களைத்தால் கண் அயரும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். ஆகவே, நேயர்களே, சாரதியைக் களைப்படையச் செய்யாத வண்டி எது, அதைக் கண்டறிவது எப்படி என்பதையே இங்கு ஆராய்வோம்.

முதலில் பாதையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கொட்டாவைக்கும் காலியை அடுத்த பின்னதுவைக்கும் இடையே தெற்கு அதிவேகப் பாதை 2011ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. 2014இல் அது மாத்தறை வரையும், 2020இல் மத்தளை வரையும் நீண்டது. அதற்கு முன்னர், கரையோரக் காலி வீதியில் சந்தைகளையும் பாடசாலைகளையும் புகையிரதக் கடவைகளையும் தாண்டி வர மூன்று மணித்தியாலம் செல்லும். அக்காலத்தில் காலியில் இருந்துகொண்டு கொழும்பில் வேலை பார்ப்பது என்பது, வார இறுதியில் மாத்திரம் வீட்டைக் காண்பது என்பதாகவே பலருக்கும் இருந்தது. இன்று கொட்டாவையிலிருந்து பின்னதுவை வரையுள்ள சுமார் 95 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். பாதை வாழ்க்கையை மாற்றியது. வாழ்க்கை மாறிய அளவுக்கு நாம் வண்டி தெரிவுசெய்யும் முறை மாறவில்லை. இன்றும் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? திரும்ப விற்றால் என்ன விலை போகும்?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். போகவும் வரவும் 190 கிலோமீற்றர். ஆண்டில் 250 வேலை நாட்கள் என்று கொண்டால் 47,500 கிலோமீற்றர். கொட்டாவைக்கு அப்பால் நகருக்குள் ஓடும் தூரத்தை இதிலே சேர்க்கவில்லை. ஊருக்குள் ஓடும் வண்டி நான்கைந்து ஆண்டுகளில் காணும் தேய்வை இந்த வண்டி ஒரே ஆண்டில் கண்டுவிடும். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவது உங்கள் வழக்கமானால், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டி வரும். ஆகையால் பெயர் பெற்ற வண்டியா, புதிய வண்டியா என்பதைக் காட்டிலும், உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கின்றனவா, சாதாரண கராச்சில் பழுது பார்க்க முடியுமா என்பதே முக்கியம். அபூர்வமான ஐரோப்பிய வண்டிகள் சில நெடும் பாதையில் அற்புதமாக ஓடும். ஆனால், ஒரு சிறு பாகத்துக்காக இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட வண்டியில் எவரும் வேலைக்குப் போக முடியாது.

இனி என் நண்பருடைய சிறிய காருக்கு வருவோம். யப்பானில் சிறு கார்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு. அவற்றின் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது, நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டலாகாது. ஒடுங்கிய தெருக்களும் நெருக்கமான வீடுகளும் உள்ள நாட்டிலே, வரிச் சலுகையோடு வகுக்கப்பட்ட அளவு அது. நம் நாட்டில் எங்கும் காணப்படும் சுசுக்கி வகன் ஆர் அந்த வகுப்பைச் சேர்ந்ததே. அளவு சிறிதாயிருக்கவேண்டும், உள்ளே இடமும் இருக்கவேண்டும் என்பதனால் அதனை மேல்நோக்கி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நகரத்தில் அந்த உயரம் வசதி. அதிவேகப் பாதையில் அதுவே இடர். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகுவது. 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்த எதிர்ப்பு 100 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மடங்காகும். சிறிய இயந்திரம் அதனை வெல்வதற்கு விரைந்து சுழலவேண்டும். அந்தச் சுழற்சியின் ஓசை பயணம் முழுவதும் சாரதியின் காதில் நிற்கும். வயல்வெளிகளை அடுத்த திறந்த இடங்களில் பக்கக் காற்று அடிக்கும்போதும், பெரிய பஸ் ஒன்று முந்திச் செல்லும்போதும் உயரமான இலேசான வண்டி ஆடும். அந்த ஆட்டத்தைச் சரிசெய்யக் கைகள் ஓயாது ஸ்ரியறிங்கைத் திருத்திக்கொண்டிருக்கும். தாம் திருத்துவதைச் சாரதி அறியார். அவருடைய தோள் அறியும். இத்தனையும் அந்த வண்டியின் குற்றமல்ல. ஓர் இடத்துக்கென்று செய்த பொருளை இன்னோர் இடத்தில் பாவிப்பதன் பயன் அது.

வண்டியின் அமைதியான ஓட்டத்துக்கு முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு முக்கிய காரணம். அந்தத் தூரம் நீண்டிருந்தால், பாலங்களின் இணைப்புக்களில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் ஆடுவது குறையும். நேராக ஓடும் இயல்பும் மிகும். வகன் ஆர் வண்டியில் அது இரண்டரை மீற்றருக்கும் குறைவு. ரொயோட்டா அக்சியோவில் 2.6 மீற்றர். அதே கம்பெனியின் பிறீமியோ, அலியன் என்னும் இரட்டைப் பிள்ளைகளிலும், மூன்றாந் தலைமுறைப் பிறியசிலும் 2.7 மீற்றர். இந்தப் பத்துச் சென்ரிமீற்றர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரே நாளில், ஒரே பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். பிறீமியோவும் அலியனும் நீண்டும் ஒடுங்கியும் இருப்பதற்கும் யப்பானிய விதியே காரணம்: 1.7 மீற்றர் அகலத்தைத் தாண்டினால் வண்டி மேல் வகுப்புக்குப் போய்விடும். ஆகையால் நீளத்தில் தாராளம், அகலத்தில் சிக்கனம். நம் ஊரின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்கும் அது பொருந்திவிட்டது ஒரு நல்ல தற்செயல்.

அந்த இரண்டு வண்டிகளின் கடைசித் தலைமுறை 2007 முதல் 2021 வரை செய்யப்பட்டது. மெல்லிய ஓசைத் தடுப்பும், அகன்ற ஆசனமும், அவசரமில்லாத இயந்திரமும் உடையவை. எனது அபிப்பிராயத்தில், புதிய சிறு காருக்குக் கொடுக்கும் பணத்தில் சற்றுப் பழைய, நன்கு பராமரித்த அலியன் ஒன்றை வாங்குவது இந்தப் பயணத்துக்கு மேல். அக்சியோவும் தாழ்வல்ல, விலையில் இறங்க வேண்டியவர்கள் அதனை ஐயமின்றி நாடலாம். உயர்ந்த உடலமைந்த, ஜீப்பின் சாயலுள்ள வண்டிகள் இக்காலத்தில் நாகரிகமாகிவிட்டன. முழங்கால் வலி உள்ளவர்க்கு ஏறி இறங்க அவை இதமானவை. அதற்கு மேல் அவற்றுக்காக அதிக விலை கொடுக்க நான் காரணம் காணவில்லை.

ஹைபிறிட் வண்டிகளைப் பற்றிக் கேட்காத நேயர் இரார். பெற்றோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒருங்கே கொண்ட இவ்வண்டி, பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக மாற்றிப் பற்றறியில் சேமித்து, மறுபடி புறப்படும்போது செலவிடுகிறது. நின்று நின்று செல்லும் நகரத்திலே இதன் சிக்கனம் வெகு அழகு. ஆனால், பிறேக்கையே தொடாமல் ஓடும் அதிவேகப் பாதையில் சேமிக்க என்ன இருக்கிறது? அங்கே பெரும்பாலும் பெற்றோல் இயந்திரமே உழைக்கிறது. ஆயினும், கொட்டாவையில் இறங்கி, மஹரகமை, நுகேகொடை வழியாகக் கோட்டை வரையும் ஊர்ந்து செல்லும் இருபது கிலோமீற்றர் உங்களுக்கு இருக்குமாயின், அங்கே அதன் பயன் தெரியும். காரியாலயம் மகும்புர நிலையத்துக்கு அண்மையில் இருந்தால் ஹைபிறிட்டுக்கென்று மேலதிகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. வாங்குவதானால், பின்னாசனத்தின் பக்கத்திலுள்ள சிறு காற்று வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பற்றறியைக் குளிரச் செய்யும் விசிறி அதன் வழியாகவே காற்றை இழுக்கிறது. தூசும் மயிரும் அடைத்துக் கிடந்தால், அந்தப் பற்றறி பல காலமாக வெந்து கொண்டிருந்தது என்று அர்த்தம். கணினிக் கருவியை இணைத்துப் பற்றறியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே காண முடியும். அவற்றுள் ஒன்று மற்றவற்றினின்றும் விலகி நின்றால் விலையைப் பேசாமலே திரும்பிவிடுவது நன்று.

இப்போது ஆசனம். காரைப் பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து அமர்ந்து, "ஆகா, மெத்தென்றிருக்கிறது" என்று எழுந்துவிடுகிறார்கள். மெத்தென்ற ஆசனம் முதல் பத்து நிமிடத்துக்கே நல்லது. பின்னர் உடல் அதனுள் அமிழ்ந்து, இடுப்பின் வளைவு நேராகி, முள்ளந்தண்டின் அடிப்பகுதி முழுப் பாரத்தையும் சுமக்கிறது. நல்ல ஆசனம் சற்று இறுக்கமாகவே இருக்கும். அது மூன்று இடங்களில் தாங்கவேண்டும்: இடுப்பின் பின்வளைவில், தொடையின் முன்பாதியில், தோளின் இரு பக்கத்திலும். தொடைக்குத் தாங்கல் இல்லாத குட்டை ஆசனத்தில், வேக மிதியின்மேல் பாதத்தை நிறுத்திவைக்கும் வேலை முழுவதும் கணைக்காலுக்கே வரும். வலக்கால் மரத்துப்போவதாகச் சொல்கிறவர்கள் இதனைக் கவனிப்பாராக. ஸ்ரியறிங் மேலும் கீழும் மாத்திரமன்றி முன்னும் பின்னும் அசையுமானால் அது பெரும் பாக்கியம்; நெட்டையான கால்களும் குறுகிய கைகளும் உடையவர்க்கு அது இல்லாத வண்டி என்றுமே பொருந்தாது. பழைய வண்டியில் இன்னுமொன்று. சாரதியின் ஆசனத்திலுள்ள பஞ்சு பல ஆண்டுப் பாரத்தினால் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கலாம். பக்கத்து ஆசனத்திலும் அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வேற்றுமை தோன்றினால், ஆசனத்தைத் திருத்த ஆகும் செலவை விலையிலே கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓட்டிப் பார்த்தல். விற்பவர் உங்களை வீட்டுத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். அதிலே ஒன்றும் அறிய முடியாது. அதிவேகப் பாதையில் அடுத்த வாயில் வரையாவது போய்வர இசைந்தால் மாத்திரமே பேச்சைத் தொடருங்கள். வாயிற் கட்டணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். நான் ஒரு முறை இதனைச் செய்யாமல் ஏமாந்தேன். பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த ஒரு காரை, பெயர் சொல்ல விரும்பாத ஒருவரிடம் வாங்கினேன். ஊருக்குள் பூப்போல ஓடிற்று. முதல் நாள் அதிவேகப் பாதையில் ஏறி 85ஐத் தாண்டியதும் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், ரயர்களில் கோடுகள் ஆழமாகவே இருந்தன. ஆனால், அவை ஒன்பது ஆண்டுப் பழையவை. றப்பர் கல்லாய் இறுகியிருந்தது. மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் நான் விரும்பவில்லை.

ரயரின் வயதை அறிவது வெகு சுலபம். அதன் பக்கவாட்டில், ஒரு சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் பதித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு ரயர்களும் நான்கு கம்பெனிகளுடையவையாக இருந்தால், முன்னிருந்த உரிமையாளரின் குணம் உங்களுக்கு விளங்கிவிடும்.

ஓட்டும்போது வானொலியையும் குளிரூட்டியின் விசிறியையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 80க்கு மேல் ஸ்ரியறிங் மாத்திரம் நடுங்கினால், பெரும்பாலும் முன் சில்லுகளின் சமநிலை கெட்டிருக்கும்; சிறு செலவில் தீரும். பிறேக் பிடிக்கும்போது மாத்திரம் நடுங்கினால் பிறேக்கின் தட்டு நெளிந்திருக்கிறது. கையைச் சற்றுத் தளர்த்தியதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், வீல் அலைன்மென்ற் பிழையாயிருக்கலாம், அல்லது மோதி நிமிர்த்திய வண்டியாயிருக்கலாம். பின்னதற்கு மருந்தில்லை. ஹூம் என்ற தொடர்ந்த ஒலி ஒன்று கேட்குமானால், பாதையின் மேற்பரப்பு மாறும்போது அதுவும் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் அது ரயரின் ஓசை. மாறாமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடியும் மறுபக்கம் திரும்பும்போது குறைந்தும் வந்தால், சில்லின் பெயாரிங் தேய்ந்துவிட்டது. பாலத்தின் இணைப்பைக் கடந்தபின் வண்டி ஒரு முறை அமர்ந்து நிற்கவேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் சொக்கப்சோபர்கள் ஓய்ந்துவிட்டன. நிறுத்தி, கியரில் வைத்தபடி பிறேக்கை மிதித்திருக்கும்போது உடல் முழுவதும் அதிர்ந்தால், இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்கள் போய்விட்டன. இவை எல்லாம் மாற்றக்கூடியவையே. பழைய வண்டி களைப்பூட்டுவது, பெரும்பாலும் இந்த மலிவான றப்பர்களின் முதுமையினாலேதான்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நம்புவது பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நம்பாதீர்கள். மிதிகளின் றப்பர் வழுவழுப்பாகி, ஸ்ரியறிங்கின் மேற்புறம் எண்ணெய் பூசியதுபோல் மின்னி, கதவோரத்து ஆசன விளிம்பு நைந்திருக்கும் வண்டி 40,000 கிலோமீற்றர் மாத்திரம் ஓடியது என்றால் அது கதை. யப்பானில் ஏலம் விடப்படும் பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. 4.5, 4, 3.5 என்று தரம் இடுவார்கள். விபத்தில் பழுதுபார்த்ததற்கு ஆங்கில எழுத்தாகிய 'ஆர்' அடையாளம். வண்டியின் படத்தில் கீறலும் நெளிவும் குறிக்கப்பட்டிருக்கும். விற்பவர் காட்டும் பிரதியை அப்படியே ஏற்காமல், அடிச்சட்டத்தின் இலக்கத்தைக் கொண்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ள வழிகள் உண்டு. ஆயினும் அந்தத் தாள், வண்டி கப்பலேறிய நாள்வரைக்குமே சாட்சி. இங்கு வந்தபின் நடந்ததை அது அறியாது. 2016இல் களனிப் பள்ளத்தாக்கிலும், 2017இல் மாத்தறை, களுத்துறைப் பக்கங்களிலும் பெருகிய வெள்ளத்தில் பல வாகனங்கள் மூழ்கின. ஆசனப் பட்டியை முடிவு வரையும் இழுத்துப் பாருங்கள். அதன் அடியில் சேற்றின் கறை கோடுபோல் நின்றால், எவ்வளவு வாசனைத் திரவியம் தெளித்திருந்தாலும் அது நீரில் நின்ற வண்டி. கரையோரத்தில் நிறுத்தப்பட்ட வண்டியானால், அடிப்பக்கத்தின் துருவையும் விளக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

பத்திரங்களின் விஷயத்தில், பதிவுச் சான்றிதழில் நிதிக் கம்பெனி எதனதும் பெயர் உரிமையாளராக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடன் தீர்ந்ததற்கான ஆதாரம் இல்லாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும்.

2020 மார்ச் மாதம் முதல் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மறுபடி அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகள் பொன்னின் விலைக்கு ஏறின. பின்னரும் இறக்குமதி வரியின் பாரம் விலையைப் பெரிதும் தாழவிடவில்லை. இந்நிலையில் கையிலுள்ளதை எல்லாம் வண்டியின் விலைக்கே கொட்டிவிடுவது இயல்பு. அவ்வாறு செய்யாமல், நான்கு ரயர்கள், சொக்கப்சோபர்கள், தாங்கு றப்பர்கள், எண்ணெய் வகைகள் ஆகியவற்றுக்கென்று ஒரு பகுதியை முன்னதாகவே எடுத்து வைத்துவிட்டு, மிகுந்த பணத்தில் வண்டியைத் தேடவேண்டும். ஒரு படி தாழ்ந்த வண்டியை வாங்கி முழுவதும் செப்பனிட்டால், ஒரு படி உயர்ந்ததைச் செப்பனிடாமல் ஓட்டுவதைவிடக் களைப்புக் குறையும்.

என் நண்பருக்கு இத்தனையும் சொன்னபோது, "பஸ்ஸிலே போனால் என்ன?" என்று அவருடைய மனைவியார் இடையிலே கேட்டார். நியாயமான கேள்வி. காலியிலிருந்து மகும்புர நிலையத்துக்குக் குளிரூட்டிய பஸ்கள் ஓடுகின்றன. அதிலே கண்ணயர்ந்தாலும் குற்றமில்லை. ஆனால், நண்பருடைய வேலை இரவு எத்தனை மணிக்கு முடியும் என்று அவருக்கே தெரியாது. இறுதியில், பத்து ஆண்டைத் தாண்டிய வெள்ளை அலியன் ஒன்றை, மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்துத் தள்ளியபின், நான்காவதாகத் தெரிந்தெடுத்தோம். அதன் முன் சில்லு ஒன்றில் பெயாரிங் ஓசை இருந்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்தார். புதிய ரயர்களும் பின் சொக்கப்சோபர்களும் போட்டுக்கொண்டார். ஒன்று மாத்திரம் நான் சொல்லியும் முதலில் கேட்கவில்லை: குளிரூட்டியை உள்காற்றே சுழலும்படி வைத்துக்கொண்டு ஓட்டினார். அடைத்த வண்டியில் மூச்சுக் காற்றின் கரியமிலவாயு சேரச் சேர, தூக்கம் தானே வரும். இப்போது வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்துத்தான் புறப்படுகிறார்; மாலையில் வெலிப்பன்னைத் தங்குமிடத்தில் பத்து நிமிடம் இறங்கி நடந்துவிட்டு மறுபடி ஏறுகிறார்.